நங்கநல்லூரிலிருந்து கிராண்ட் கேன்யன்: புறப்படுவதற்கு முந்தைய நாட்குறிப்பு

சனிக்கிழமை, ஆகஸ்ட் 22

அடுத்த ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறோம். ஓராண்டுக்கும் மேல் இருக்கும்போதே பயணக் கட்டுரையா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அங்கே இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் பெரும்பாலான விடுதிகளில் முன்பதிவு 13 மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. செப்டம்பர் முதல் தேதி பிறந்தால் அடுத்த அக்டோபருக்கு அறை கேட்கலாம். அதற்குள் எந்தப் பக்கம் போவது, எத்தனை இரவு தங்குவது, பள்ளத்தாக்கில் எவ்வளவு தூரம் இறங்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். கல்யாண மண்டபம் பிடிப்பதற்குக் கூட இவ்வளவு முன்னதாக நாங்கள் அலைந்ததில்லை.

மகள் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது எடுத்த பத்தாண்டு விசாவுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அதனால் அண்ணா சாலைத் தூதரக வாசல் கதை இந்தத் தொடரில் வராது. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

மதியம் நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு அமெரிக்கா போய்வந்தவள். எங்கள் ஏற்பாட்டைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“அண்ணி, எங்களைக் காலையில் லாஸ் வேகாஸில் பஸ் ஏற்றினார்கள், ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கண்ணாடிப் பாலத்தில் நடந்தேன். கிராண்ட் கேன்யன் அவ்வளவுதான். அதற்குப் போய் ஒரு வருடம் திட்டமா?”

அவள் பார்த்தது தேசியப் பூங்காவே இல்லை என்பதை ரசம் சாதம் முடியும்வரை சொல்லாமல் இருந்தேன். மோர் ஊற்றும்போது சொன்னேன். அந்தக் கண்ணாடிப் பாலம் 2007-இல் திறக்கப்பட்டது. அது இருக்கும் மேற்கு விளிம்பு, ஹுவாலபாய் என்னும் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமான நிலம். நுழைவுச் சீட்டு அவர்களுடையது, வருமானமும் அவர்களுடையது. தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது. வேகாஸிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் ஒருநாள் பஸ்கள் பல அங்கேதான் போகின்றன. பூங்காவின் தெற்கு விளிம்புக்கு வேகாஸிலிருந்து நாலரை மணி நேரம் ஆகும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக நான்கு மணி நேரம் வேண்டும்.

மேற்கு விளிம்பைக் குறைத்துப் பேசவில்லை. பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம். அதை எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் அது கிராண்ட் கேன்யன்தான். ஆனால் விளம்பரத் தாளில் “கிராண்ட் கேன்யன்” என்று மட்டும் அச்சடித்துவிட்டு எந்த விளிம்பு என்று சொல்லாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

நாத்தனார் பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை

வடக்கா, தெற்கா என்பது பெரிய விவாதமாக வளரவில்லை. வடக்கு விளிம்பு 8,000 அடிக்கு மேல் இருக்கிறது. கூட்டம் குறைவு, அழகு அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வழக்கமாக அக்டோபர் நடுவிலேயே அங்கே தங்கும் வசதிகளை மூடிவிடுவார்கள். போதாததற்கு 2025 ஜூலையில் மின்னல் மூட்டிய காட்டுத்தீ, விளிம்பில் நின்ற பழைய கல் விடுதியை விழுங்கிவிட்டது. இரண்டு விளிம்புகளுக்கும் இடையே பறவைக்குப் பத்து மைல்தான். காருக்கு இருநூறு மைலுக்கு மேல். ஆகவே தெற்குதான். மகள் வீட்டிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் வழியாக நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

எப்போது போவது என்பதில்தான் என் கணவருக்கும் எனக்கும் சண்டை வந்தது. பேரனுக்குப் பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில். “சென்னை வெயிலில் அறுபது வருடம் வெந்தவனுக்கு அரிசோனா வெயில் என்ன செய்துவிடும்?” என்றார். சென்னைக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும் வீறாப்பு இது. பாலைவனத்தில் அது செல்லாது. நம் ஊரில் வியர்வை வழிவதால் தண்ணீர் குடிக்கும் நினைவு வரும். அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடும். உடம்பிலிருந்து நீர் போவது கண்ணுக்கே தெரியாது.

இதை அவருக்குப் புரியவைத்தது கொடைக்கானல்தான். தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி. கொடைக்கானலும் அதே உயரம். ஆற்றங்கரையோ சுமார் 2,400 அடியில் இருக்கிறது. கொடைக்கானலில் ஸ்வெட்டரோடு நிற்பவர், அதே நாளில் வத்தலக்குண்டு வெயிலுக்கு இறங்குவது போலத்தான் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்குவது. வித்தியாசம், இங்கே இறக்கிவிட பஸ் கிடையாது, ஏற்றிவிடவும் கிடையாது. ஜூலையில் மேலே சராசரி உச்ச வெப்பம் 29 டிகிரி செல்சியஸ், கீழே 41. அக்டோபரில் மேலே 18, கீழே 29. அக்டோபர் இரவில் விளிம்பில் 2 டிகிரி வரை இறங்கும். மார்கழிக் காலையில் மஃப்ளர் தேடும் குடும்பம் எங்களுடையது என்பதால் கம்பளி உடைக்குத் தனிப் பெட்டி.

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கேயும் ஒரு பருவமழை உண்டு. பிற்பகல் இடியும் மின்னலும் விளிம்பில் நிற்பவர்களுக்கு ஆபத்து. எல்லாம் சேர்த்து அக்டோபர் என்று முடிவாயிற்று. பேரன் இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம் போடுவான். அவனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

செவ்வாய்க்கிழமை

இன்று பணக் கணக்கு மட்டும். ஒரு காருக்கு 35 டாலர் கட்டினால் ஏழு நாள் உள்ளே போய்வரலாம். அதற்கு மேல் 2026 ஜனவரி முதல் புதிய கட்டணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிக்காதவர்களில் 16 வயது ஆனவர்கள் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கூட்டம் அதிகம் வரும் 11 பூங்காக்களுக்கு இந்த விதி. கிராண்ட் கேன்யன் அதில் ஒன்று. யோசெமிட்டியும் யெல்லோஸ்டோனும் கூட உண்டு. வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் வாங்கும் நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைக் குறைசொல்ல வாய் எழாது. ஒரே பயணத்தில் இரண்டு மூன்று பூங்கா பார்க்கிறவர்கள் மட்டும் ஆண்டுச் சீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமை

நேற்று எழுதவில்லை. மோட்டார் பழுது, வீட்டில் தண்ணீர் இல்லை, லாரிக்குச் சொல்லிவிட்டு வாசலில் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் கிராண்ட் கேன்யனின் குழாய் பற்றிப் படித்தேன். இவ்வளவு பொருத்தமான பாடத்தை இவ்வளவு பொருத்தமான இடத்தில் யாரும் படித்திருக்க முடியாது.

கீழே கொலராடோ என்னும் பேராறு ஓடுகிறது. மேலே விளிம்பில் ஊற்றோ ஓடையோ கிடையாது. மழையும் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவுதான், சென்னைக்கு 1,400. அந்தக் கொஞ்ச மழையும் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கிப் போய்விடுகிறது. அப்படியானால் லட்சக்கணக்கில் வரும் பயணிகளுக்குக் குடிநீர்? எதிர்ப்பக்கத்தில், வடக்கு விளிம்புக்குக் கீழே பாறையைப் பிளந்துகொண்டு கொட்டும் ஊற்று ஒன்றிலிருந்து, பள்ளத்தாக்கின் குறுக்கே பன்னிரண்டரை மைல் நீளத்துக்கு ஒரு குழாய் வருகிறது. 1960-களில் போட்ட அலுமினியக் குழாய். ஆற்றைக் கடக்க நடைபாலத்தோடு சேர்ந்து போகிறது. பிறகு தெற்கே மேலேறுகிறது.

வயதாகிவிட்டது, அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்தடுத்து நான்கு இடங்களில் உடைந்து, தெற்கு விளிம்பு விடுதிகளில் இரவு தங்குவதையே சில நாட்கள் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை வாரம் அது, உச்சக் கூட்டம். இப்போது குழாயைப் புதுப்பிக்கும் பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது.

2019-இல் செம்பரம்பாக்கமும் பூண்டியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த கோடையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தி அதிர்ச்சி தராது. பேரேரிகளும் கடலும் சூழ்ந்த ஊருக்கே அந்தக் கதி. என் முடிவு இதுதான்: பூங்காவுக்கு வெளியே, டுசயான் என்னும் சிற்றூரில் மாற்று அறை ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாக. உள்ளே விடுதி மூடினாலும் ஊர் திரும்ப வேண்டியதில்லை. காரில் ஒரு கேன் தண்ணீர், அதையும் சொல்லிவிட்டேன். மகள் சிரித்தாள். அமெரிக்காவில் பத்து வருடம் இருந்தால் நம் பிள்ளைகளுக்கு லாரி மறந்துவிடுகிறது.

மோட்டார் மாலையில் சரியாயிற்று.

வெள்ளிக்கிழமை

விடிகாலையில் பரங்கிமலை. இனி வாரம் இருமுறை ஏறுவதாக ஏற்பாடு. சென்னை தட்டையான ஊர்; மலை என்று சொல்லிக்கொள்ள இருக்கும் சிலவற்றில் இது நங்கநல்லூருக்குக் கைக்கெட்டும் தூரம். 135 படிகள், உச்சி 300 அடி.

பள்ளத்தாக்கு நடையில் நம் வழக்கம் எல்லாம் தலைகீழ். திருமலைக்கு நடந்து போகிறவர் மூச்சு வாங்கும்போது நிற்கலாம், முடியாவிட்டால் திரும்பலாம். இறக்கம் எளிது. கேன்யனில் முதலில் எளிதான இறக்கம், குளிர்ந்த காலை, புதிய கால். கடினமான ஏற்றம் கடைசியில், வெயில் ஏறிய பிறகு, களைத்த காலோடு. இறங்க ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது பூங்காக் காவலர்களின் கணக்கு. ஒரே நாளில் ஆறுவரை இறங்கித் திரும்ப முயல வேண்டாம் என்று எல்லா இடத்திலும் எச்சரித்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து ஆற்றுக்கு 4,300 அடிக்கு மேல் இறக்கம். இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு வியப்பில்லை. முழங்கால் வலிக்கிறவனுக்கு எச்சரிக்கைப் பலகை எதற்கு?

நானும் மருமகனும் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் இறங்கி, முதல் ஓய்விடத்தைத் தொட்டுத் திரும்புவது திட்டம். அதற்கே 1,100 அடி ஏற வேண்டும். நான்கு பரங்கிமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சவுத் கைபாப் என்று இன்னொரு பாதை உண்டு. அது முகட்டின் மேலேயே இறங்குவதால் இரு புறமும் காட்சி அபாரம் என்கிறார்கள். ஆனால் நிழலும் இல்லை, சொட்டுத் தண்ணீரும் இல்லை. எனக்கு நிழல் போதும்.

படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, மாடிவீட்டு மாமா கூட இருந்தார். பாறை ஆய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேன்யன் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலடியில் இருந்த கருஞ்சாம்பல் பாறையைத் தட்டி, “இது என்ன தெரியுமா? சார்னோகைட். உலகம் முழுவதும் இந்தப் பாறையை இந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். பரங்கிமலை, பல்லாவரம் பாறைதான் அதற்கு மூலமாதிரி” என்றார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டாராம். பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு.

நான் விடவில்லை. “கேன்யனின் அடியில் இருக்கும் பாறைக்கு?”

“அங்கே மிகப் பழையதே 184 கோடிதான்.”

அமெரிக்கப் பள்ளத்தாக்கின் அடிப்பாறையை விட அறுபது கோடி ஆண்டுக்கு மேல் மூத்த பாறையில், காலைநடைக்காரர்கள் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் அவ்வளவு தூரம் போவது எதற்கு என்று மாமாவைக் கேட்டேன். நம் பாறை புத்தகத்தின் ஒற்றைப் பக்கம் போல என்றார். அங்கே அடியிலிருந்து உச்சி வரை அடுக்கடுக்காக வெட்டித் திறந்து காட்டியிருக்கிறது ஆறு. உச்சியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு 27 கோடி ஆண்டு. வெட்டும் வேலையை ஆறு பெரும்பாலும் கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில்தான் செய்து முடித்திருக்கிறது. நடுவே ஓரிடத்தில் அடுக்குகளுக்கு இடையே 120 கோடி ஆண்டு வரைக்குமான பாறையே காணோம், அரித்துப் போய்விட்டது. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வா என்று கட்டளை.

சனிக்கிழமை

கணவருக்கு முழங்கால் தகராறு, இறங்க மாட்டார். அவருக்கு என்ன இருக்கிறது என்று தேடியதில் நிறைய இருக்கிறது. விளிம்பை ஒட்டிச் சமதளமான நடைபாதை உண்டு. அதில் 2010-இல் அமைத்த காலப்பாதை என்ற பகுதியில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு. வழியெங்கும் அந்தந்தக் காலத்துப் பாறையைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் காருக்கு அனுமதி இல்லை. இலவச பஸ் ஒவ்வொரு காட்சி முனையிலும் நின்று போகும். இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். சக்கர நாற்காலியும் ஏற்றிக்கொள்வார்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்குத் தெற்கு விளிம்பே உகந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

வரைபடத்தைப் பிரித்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது விஷ்ணு கோயில். பிறகு பிரம்மா கோயில், சிவன் கோயில், தேவர் கோயில், மனு கோயில். ராமருக்கும் கிருஷ்ணருக்கும் தனிச் சன்னதிகள். எல்லாம் பள்ளத்தாக்கின் நடுவே தனித்து நிற்கும் பாறைச் சிகரங்கள். 1880-களில் அளக்க வந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவ அதிகாரி, அவை கீழைநாட்டுக் கோபுரங்களாகத் தோன்றியதால் இப்படிப் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். “நடை திறக்கும் நேரம் போட்டிருக்கிறதா பார்” என்றார் என் கணவர்.

1937-இல் சிவன் கோயில் சிகரத்துக்கு நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு போனது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தனித்து நிற்கும் உச்சியில் வெளியுலகில் இல்லாத விலங்குகள் இருக்கக்கூடும் என்று பத்திரிகைகள் பரபரத்தன. போய்ப் பார்த்தால் சாதாரண எலிகளும் அணில்களும்தான். கூடவே, புகைப்படச் சுருளின் காலி அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளூர்ப் புகைப்படக்காரர் எமரி கோல்ப் அவர்களுக்கு முன்பே ஏறி இறங்கியிருந்தார்.

இந்தக் கதையில் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது சிரிப்பு நின்றது. பிரைட் ஏஞ்சல் பாதையின் பாதிவழியில் ஒரு பச்சைத் திட்டு இருக்கிறது. ஹவாசுபாய் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்தார்கள். பூங்கா 1919-இல் அமைந்த பிறகு அவர்களை வெளியேற்றினார்கள். கடைசியாக இருந்தவர் 1928-இல் போனார். 2022-இல்தான் அந்த இடத்துக்கு ஹவாசுபாய் தோட்டம் என்று பெயர் வந்தது. பாறைக்கெல்லாம் நம் சாமி பெயரைத் தேடிப் பிடித்து வைத்தவர்களுக்கு, அங்கே வாழ்ந்தவர்களின் பெயரை வைக்க நூறு வருடம் வேண்டியிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

தின்பண்டப் பட்டியல். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் உப்புள்ள தின்பண்டத்தை அவ்வப்போது சாப்பிடுங்கள் என்று பூங்கா வலியுறுத்துகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் எங்களுக்கு உப்பைச் சாப்பிடு என்று யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை காலம்! டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டேன். தட்டை, காராபூந்தி, உப்புக்கடலை. அணில்களுக்கு மட்டும் ஒன்றும் போடக்கூடாது. கடிக்கும், அபராதமும் உண்டு. பேரனுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

பாதையில் கோவேறு கழுதைகள் வரும். அவற்றுக்குத்தான் முன்னுரிமை. பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர்ப் பக்கமாக ஒட்டி நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 1

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்; அரிசோனா அப்படி மாற்றாத மாநிலம். ஆண்டு முழுவதும் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். நமக்கு ஒன்றாம் தேதி விடிந்தபோது அங்கே இன்னும் முப்பத்தொன்றாம் தேதி மாலை. அங்கே தேதி மாறும்வரை, மதியம் பன்னிரண்டரை வரை, என் கணவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்த நடை ஒன்றரை மைல் இருக்கும்.

1905-இல் கட்டிய எல் டோவர் விடுதியில் எங்கள் தேதிக்கு அறை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாடகையைக் கேட்டு இவர் படுத்திருப்பார். பிரைட் ஏஞ்சல் லாட்ஜில் மலிவான அறைகள் இருந்தன; ஆனால் அவற்றில் சிலவற்றுக்குக் குளியலறை பொது. “என் வயதுக்கு அது முடியாது” என்றார், நியாயம். கடைசியில் விளிம்பிலிருந்து சில நிமிட நடையில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் மாஸ்விக் லாட்ஜில் இரண்டு இரவு, இரண்டு அறை. அக்டோபர் நடுவாரம், வாரநாட்கள். டுசயானில் மாற்று அறையை மகள் நாளை பார்க்கிறாள்.

போன அன்று மாலை மாத்தர் முனை. மறுநாள் விடிவதற்கு முன்பே நானும் மருமகனும் பாதையில் இறங்கிவிடுவோம், மற்றவர்கள் காலப்பாதையில். திரும்பும் நாள், கிழக்கே டெசர்ட் வியூ சாலையில் 25 மைல் போய், மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் 1932-இல் கட்டி முடித்த கல் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஊர். நவாஹோ பூர்வகுடி மக்களின் நிலத்துக்குள் நுழைந்தால் அங்கே கோடைக்காலக் கடிகாரம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும் என்று மருமகன் நினைவூட்டினார். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

நாத்தனார் போன் செய்தாள். மேற்கு விளிம்பு விஷயத்தை அந்தச் சுற்றுலா நிறுவனத்திடம் கேட்டாளாம், அவர்களிடம் பதில் இல்லையாம். பிறகு, “அண்ணி, உங்கள் அறையில் கூடுதல் கட்டில் போடுவார்களா?” என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அறைக்குள் இரண்டு பெரிய கட்டில்கள் இருக்கின்றன; அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இனி ஷூ. புதிய ஷூவை மாதக்கணக்கில் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். வாரக் கடைசியில் தி.நகர் போய்வந்து எழுதுகிறேன்.